தினைத்தாள் அன்ன கால்

சிறுவர் நூல்களுக்குப் படம் வரைவது என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பதிப்பகம் பள்ளிப் பிள்ளைகளுக்கான சங்கப் பாடல் தொகுப்பு ஒன்றுக்குப் படங்கள் கேட்டது. அதில் குறுந்தொகையின் 25ஆம் பாடலும் இருந்தது. கபிலர் பாடியது, ஐந்தே அடி. தலைவன் தன்னை மணந்த பொழுதில் அங்கே வேறு யாரும் இல்லை, அவன் பொய்த்துவிட்டால் நான் என்ன செய்வேன், ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகு மட்டும் நின்றது என்று தலைவி தோழியிடம் சொல்கிறாள்.

நான் ஒரு வெள்ளைக் கொக்கை வரைந்தேன். வளைந்த நீண்ட கழுத்து, மெல்லிய கறுப்புக் கால்கள், பின்னால் மங்கலாக இரண்டு உருவங்கள். பதிப்பகத்தில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. புத்தகம் வெளிவந்து இரண்டு மாதம் கழித்து, பதிப்பகத்தின் வழியாக எனக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. வயதானவர் எழுத்து என்று பார்த்தவுடன் தெரிந்தது.

“தம்பி, படம் அழகாக இருக்கிறது. ஆனால் தினைத்தாள் அன்ன சிறு பசுங்கால் என்று பாட்டில் இருக்கிறதே, உங்கள் கொக்குக்கு ஏன் கறுப்புக் கால்?”

அவ்வளவுதான். கீழே கையெழுத்து.

அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பாட்டை நான் படிக்காமல் வரையவில்லை. பலமுறை படித்தேன், அந்தப் பெண்ணின் கலக்கத்தை நினைத்துத்தான் நிறத்தைக்கூட மங்கலாகப் போட்டேன். ஆனால் மூன்றாவது அடியை மட்டும் என் கண் தாண்டிப் போயிருக்கிறது. உவமை என்றாலே பாட்டுக்குப் போட்ட நகை என்று பள்ளி நாளிலிருந்து மனத்தில் பதிந்துவிட்டது. ஒரு மனிதர் கரையில் நின்று ஒரு பறவையின் காலை உற்றுப் பார்த்திருக்கிறார், பிறகு தினைக் கொல்லையில் நின்று அதன் தாளை உற்றுப் பார்த்திருக்கிறார், இரண்டையும் மனத்தில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்திருக்கிறார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மறுவாரம் ஒரு குளத்துக்குப் போனேன். முதல் நாள் எதுவும் தெரியவில்லை. வெள்ளைக் கொக்குகள் நின்றன, கால் கறுப்பாகத்தான் இருந்தது. அங்கே வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவரிடம், “ஐயா, பச்சைக் கால் உள்ள கொக்கு இங்கே வருமா?” என்று கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்க்கவில்லை. மடை இருக்கும் பக்கம் கையைக் காட்டினார்.

“அதோ மடையான் நிற்கிறானே தம்பி. நீங்கள் வந்ததிலிருந்து அங்கேதான் நிற்கிறான்.”

மண் நிறத்தில், உடம்பில் கோடு கோடாக, கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு ஒரு பறவை. கல்லென்று நினைத்து அந்த இடத்தை நான் இரண்டு முறை பார்த்துத் தாண்டியிருக்கிறேன். குருட்டுக்கொக்கு என்றும் இதைச் சொல்வார்கள். கிட்டே போகும் வரை கண் தெரியாததுபோல் அசையாமல் இருக்கும். பறந்தால்தான் வெள்ளை இறகு பளிச்சென்று விரியும். தொலைநோக்கியை எடுத்துக் காலைப் பார்த்தேன். பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம், காய்ந்துவரும் தாளின் நிறம். நடுவில் ஒரு முட்டு, தட்டையின் கணு போல. நீரில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். பத்து நிமிடம் அது அசையவில்லை. பார்வை முழுக்க நீருக்குள்தான்.

அப்போதுதான் அந்தப் பாட்டின் முழுப் பாரமும் எனக்குப் புரிந்தது. தலைவிக்கு இருக்கும் ஒரே சாட்சி அந்தக் குருகு. அந்தச் சாட்சியும் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது, அவளைப் பார்க்கவில்லை. ‘பார்க்கும்’ என்ற ஒரு சொல்லில் அவளுடைய தனிமை முழுவதையும் வைத்துவிட்டார் கபிலர். உரை நூல்களில் நான் படித்திருந்த விளக்கம்தான் இது. ஆனால் அந்தப் பறவை பத்து நிமிடம் என் பக்கம் திரும்பாமல் நின்றதைப் பார்த்த பிறகுதான் அது என் உடம்பில் இறங்கியது.

அன்றிலிருந்து நான் வரையும் முறையும் படிக்கும் முறையும் மாறிவிட்டன. இலக்கியமும் ஓவியமும் இயற்கையோடு நமக்குள்ள உறவை வளர்க்கும் என்று எல்லோரும் சொல்வோம். எப்படி வளர்க்கும், எப்போது வளர்க்காது, எப்போது கெடுக்கவும் செய்யும் என்பதை என் அனுபவத்திலிருந்து எழுதப் பார்க்கிறேன்.

முதலில் நான் கற்ற பழக்கம் ஒன்று உண்டு. இயற்கை வரும் எந்தப் பாடலைப் படித்தாலும், கவிஞர் கண்ணால் கண்டிருக்க வேண்டிய சொற்களுக்கு மட்டும் பென்சிலால் அடிக்கோடு போடுவேன். உணர்ச்சியைச் சொல்லும் சொற்களை அப்போதைக்கு விட்டுவிடுவேன். குறுந்தொகை மூன்றாம் பாடலில் ‘கருங்கோல் குறிஞ்சி’ என்று வரும். நிலத்தினும் பெரிது, வானினும் உயர்ந்தது என்று காதலைச் சொல்வதுதான் எல்லோர் நினைவிலும் நிற்கும். நான் ‘கருங்கோல்’ என்பதன் கீழ் கோடு போட்டேன். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. 2018இல் மலைக்குப் போனவர்களில் நானும் ஒருவன். எல்லோரும் நீலச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் மண்டியிட்டுக் கொம்பைப் பார்த்தேன். அந்தச் சொல் என் கையில் இருந்திராவிட்டால் குனிந்தே இருக்க மாட்டேன். இப்படிப் பாட்டு ஒரு சிறிய வேலையைக் கொடுக்கும், அந்த வேலையைச் செய்யப் போனால் பாட்டில் இல்லாத பத்து விஷயங்கள் கண்ணில் படும். தேனீக்கள் எந்த வரிசையில் பூவுக்குப் பூ போகின்றன என்று அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்கிச் சொல்கிறார். ‘ஒண்செங் காந்தள் ஆம்பல் அனிச்சம்’ என்று தொடங்கும் அந்தப் பட்டியலைக் கல்லூரியில் மனப்பாடம் செய்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். பத்துப்பாட்டை 1889இல் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், ஏட்டில் சில பூக்களின் பெயர் விடுபட்டுப் போயிருந்ததையும் அவற்றைத் தேடி மடத்து ஏடு வரை போனதையும் எழுதியிருக்கிறார். உதிர்ந்துபோன சில பெயர்களுக்காக ஒரு மனிதர் அப்படி அலைந்திருக்கிறார். நான் அந்தப் பட்டியலைப் பெரிய தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவைத்திருக்கிறேன். கண்ணால் கண்டு, கையால் வரைந்த பூவுக்கு மட்டும் எதிரே தேதி போடுவேன். இதுவரை 37 தேதிகள். எந்தச் செடி என்று தெளிய, பி.எல்.சாமி சங்க இலக்கியச் செடிகொடிகளைப் பற்றி எழுதியவை எனக்குப் பெரிய துணை. சில பெயர்கள் எந்தப் பூவைக் குறிக்கின்றன என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. அந்த இடங்களில் நான் தேதி போடுவதில்லை.

புன்னைக்குத் தேதி போட்ட கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நற்றிணை 172 பலருக்கும் தெரிந்த பாட்டு. தோழியரோடு விளையாடும்போது மணலில் அழுத்திய புன்னைக் கொட்டை முளைத்து மரமாகிவிட்டது. ‘நும்மினும் சிறந்தது நுவ்வை ஆகும்’, உங்களைவிடச் சிறந்த உங்கள் தங்கை இது என்று தாய் சொல்லியிருக்கிறாள். தங்கைக்கு முன்னால் உன்னோடு சிரித்துப் பேச நாணமாக இருக்கிறது என்று தலைவனிடம் சொல்கிறார்கள். மரத்தைத் தங்கையாக நினைத்தார்களே என்று மேடைகளில் உருகிச் சொல்வதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்த உருக்கம் எப்போதும் சற்று எட்டத்தில்தான் இருந்தது.

ஒரு படத்துக்காகப் புன்னைக் கன்று தேவைப்பட்டது. மரத்தடியில் வௌவால் கடித்துப் போட்ட காய்களில் நான்கைப் பொறுக்கி வந்து, மணல் கலந்த தொட்டியில் அழுத்தி வைத்தேன். தினமும் நீர் ஊற்றினேன். ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். எதுவும் வரவில்லை. விதை கெட்டது என்று முடிவு செய்து, தொட்டியை மூலையில் தள்ளிவிட்டு வேறு வேலையில் இறங்கிவிட்டேன். மழை வந்தது. ஒருநாள் துடைப்பத்தை எடுக்கப் போனபோது தொட்டியில் தடித்த, பளபளப்பான இரண்டு இலைகள் நின்றன. ஓட்டை உடைக்காமல் விதைத்தால் புன்னை முளைக்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த நிமிடம் என் வாயில் வந்த அடி, ‘மறந்தனம் துறந்த காழ்முளை அகைய’. மறந்தனம். அழுத்திவைத்தோம், மறந்துபோனோம். காழ் என்றால் வைரம் பாய்ந்த கெட்டியான கொட்டை. அந்தப் பெண்கள் மறந்தது தற்செயலில்லை. புன்னைக் கொட்டையை மணலில் வைத்தவர் யாராக இருந்தாலும் மறந்துதான் போவார். பாடியவர் பெயர் தெரியவில்லை. யாராக இருந்தாலும், அவர் ஒரு புன்னையை முளைக்கவிட்டுப் பார்த்தவர் என்று இப்போது எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. மறந்த பிறகும் தானாக வந்து நின்ற ஒன்றின்மேல் வரும் ஒரு கூச்சம் கலந்த பாசம் இருக்கிறதே, அதை அன்று நானும் உணர்ந்தேன். தங்கை என்ற சொல் அதற்குச் சரியாகவே இருந்தது.

அந்தக் கன்றின் இலையை நான் வரைந்தபோது கை ஒன்றைக் கண்டுபிடித்தது. நடு நரம்பிலிருந்து பக்க நரம்புகள் சீப்புப் பற்கள்போல் மிக நெருக்கமாக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. மா இலையைப்போல் ஏழெட்டு நரம்பு போட்டு முடித்துவிட முடியாது. எத்தனை என்று எண்ண முயன்று கைவிட்டேன். மரத்தடியில் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன், இலையைக் கையில் கசக்கியும் இருக்கிறேன். பென்சில் பிடிக்கும் வரை இது தெரியவில்லை.

அதனால்தான் வரையத் தெரியாதவர்களையும் வரையச் சொல்கிறேன். அழகாக வர வேண்டியதில்லை, யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. ஓர் இலை அல்லது ஒரு பூ, கால் மணி நேரம். முதல் ஐந்து நிமிடம் பென்சிலைத் தொடாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள். பிறகு தாளைப் பார்ப்பதைவிடப் பொருளை அதிகம் பார்த்து வரையுங்கள். தெரியாத இடத்தில் கை தானாக நின்றுவிடும். காம்பு இலையோடு எப்படிச் சேர்கிறது, இதழ் ஒன்றன்மேல் ஒன்று எந்தப் பக்கம் மடிகிறது என்ற கேள்வி அங்கே பிறக்கும். அந்தக் கேள்வியைப் படத்தின் ஓரத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் நானும் படம் எடுப்பேன், ஆனால் வரைந்து முடித்த பிறகு எடுப்பேன். முதலில் எடுத்துவிட்டால், பார்த்தாகிவிட்டது என்று மனம் எழுந்து போய்விடுகிறது.

மாமல்லபுரத்தில் பெரிய பாறைச் சிற்பத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு மான் பின்னங்காலால் தன் மூக்கைச் சொறிந்துகொள்கிறது. சுற்றுலா வந்தவர்கள் யானைகளைப் பார்த்துவிட்டுப் போவார்கள். நான் அந்த மானை ஒரு காலைப்பொழுது முழுக்க வரைந்தேன். கழுத்து திரும்பும் கோணமும் தூக்கிய காலின் மூட்டும் ஒன்றையொன்று சரியாகத் தாங்குகின்றன. கருங்கல்லில் உளி வைப்பதற்கு முன் அந்தச் சிற்பி எத்தனை மான்களைப் பார்த்திருப்பார். வானத்துத் தேவர்களும் தவசியும் நிறைந்த பாறையில், ஒரு மானுக்கு அரிப்பெடுப்பதற்கும் இடம் வைத்திருக்கிறார். சித்தன்னவாசலில் கூரை ஓவியத்தில் இருக்கும் தாமரைப் பொய்கையும் எனக்கு அப்படித்தான். மொட்டும் மலரும் இலையும் மீனும் யானையும் பூப்பறிக்கும் ஆட்களும் ஒரே நீரில் கிடக்கிறார்கள். நிறம் பெரும்பாலும் போய்விட்டது. போன பிறகும் அது குளமாகவே இருக்கிறது.

இனி, கலை கெடுத்த கதை.

என் படங்களில் காடு என்றால் எப்போதும் அடர் பச்சை. நெருங்கிய மரங்கள், தொங்கும் கொடிகள், அருவி. முள்ளும் புல்லும் கல்லுமாக இருக்கும் நிலத்தை வரைய நேர்ந்தால், அதை வறட்சிக்கும் துயரத்துக்கும் மட்டுமே வைத்துக்கொண்டேன். நான் படித்த கதைப் புத்தகங்களில் அப்படித்தான் இருந்தது, என் பங்குக்கு நானும் அடுத்த தலைமுறைக்கு அதையே கொடுத்தேன். ஒருமுறை மரம் நடும் குழு ஒன்றோடு அப்படிப்பட்ட ஒரு நிலத்துக்குப் போனேன். ‘செத்த நிலத்துக்கு உயிர் கொடுக்கிறோம்’ என்று துணியில் எழுதித் தந்தது நான்தான். குழி தோண்டத் தொடங்கியதும் இரண்டு பறவைகள் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தின. கத்திக்கொண்டே இருந்தன. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடி வந்து, “ஆள்காட்டி முட்டை இருக்கிறது, பார்த்து மிதியுங்கள் தம்பி” என்றார். குனிந்து பார்த்தோம். வெறும் தரையில், கூழாங்கற்களுக்கு நடுவில், கல்லின் நிறத்திலேயே நான்கு முட்டைகள். என் மண்வெட்டிக்கும் அதற்கும் இடையில் இரண்டடி. அந்தப் பறவை திறந்த வெளியில்தான் முட்டையிடும். மரம் அடர்ந்துவிட்டால் அதற்கு அங்கே இடமில்லை.

வீட்டுக்கு வந்து பாலைத்திணைப் பாடல்களை எடுத்துப் படித்தேன். குறுந்தொகை 350இல் ‘நெடுங்காற் கணந்துள் ஆளறி வுறீஇ’ என்று வருகிறது. நீண்ட கால்களுடைய கணந்துள் பறவை, ஆள் நடமாட்டத்தை அறிவித்துக் கூவும் காட்டு வழி. என் தலைக்கு மேல் சுற்றியதும் அதே வேலையைத்தான் செய்தது. அந்தப் புலவர்கள் பாலையைப் பிரிவுக்கும் அச்சத்துக்கும் உரிய நிலமாகப் பாடினார்கள், உண்மை. ஆனாலும் அங்கே என்ன வாழ்கிறது என்று பார்த்துப் பெயர் சொல்லிப் பாடினார்கள். ஓமை, இருப்பை, கள்ளி, பருந்தின் குரல், ஓந்தியின் முதுகு. செத்த நிலம் என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் சொன்னேன், துணியில் பெரிய எழுத்தில். அதை இன்றும் நினைத்து வருந்துகிறேன்.

சிலப்பதிகாரத்தில் பாலையைப் பற்றி வரும் அடிகளையும் இங்கே மறக்க முடியாது. முல்லையும் குறிஞ்சியும் முறைமை திரிந்து, நல்லியல்பு இழந்து, ‘பாலை என்பதோர் படிவம் கொள்ளும்’ என்கிறார் இளங்கோ. இயல்பாகவே புல்லும் முள்ளுமாக இருக்கும் நிலம் வேறு, இருந்த காடு கெட்டுப் பாலையாவது வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் மண்வெட்டியைத் தூக்கக் கூடாது.

கலைஞன் காணாமல் வரைந்தால் அது எத்தனை காலம் நிற்கும் என்பதற்கு டியூரரின் காண்டாமிருகம் போதும். இந்தியாவிலிருந்து 1515இல் ஒரு காண்டாமிருகம் கப்பலில் லிஸ்பனுக்குப் போனது. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் அதைப் பார்க்கவே இல்லை. பார்த்தவர்களிடமிருந்து வந்த வருணனையையும் கோட்டுப்படத்தையும் வைத்து மரச்செதுக்கு அச்சு ஒன்றைச் செய்தார். உடம்பெல்லாம் கவசத் தகடு, தோளுக்குப் பின்னால் இல்லாத ஒரு சின்னக் கொம்பு. அவ்வளவு உயிரோட்டமான படம் என்பதாலேயே ஐரோப்பியப் புத்தகங்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அதைப் படியெடுத்தன. நம்மிடமும் உண்டு. குயிலின் குரலைப் பெண்ணின் குரலுக்கு ஒப்பிட்டு எத்தனை பாட்டு! கூவும் குயில் ஆண். கன்னங்கரேலென்று, சிவந்த கண்ணோடு இருக்கும். பெண் குயில் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியோடு இலைமறைவில் இருக்கும், அதன் குரல் ‘கிக் கிக்’ என்று ஒலிக்கும். இதைத் தெரிந்துகொண்டதால் அந்தப் பாட்டுகள் எனக்குக் கசக்கவில்லை. ஆனால் என் பக்கத்து மரத்தில் புள்ளிப் பறவை ஒன்று காக்கைக் கூட்டைச் சுற்றி வந்ததை இத்தனை காலம் வேறு ஏதோ பறவை என்று விட்டிருந்தேன்.

ஓவியம் பெரிய அளவில் நிலத்தைக் காத்ததும் உண்டு. அமெரிக்காவில் 1871இல் யெல்லோஸ்டோன் பகுதிக்குப் போன குழுவில் தாமஸ் மோரன் என்ற ஓவியரும் வில்லியம் ஹென்றி ஜாக்சன் என்ற ஒளிப்படக்காரரும் இருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த படங்கள் சட்டமியற்றுவோர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அடுத்த ஆண்டே, 1872இல், அது தேசியப் பூங்கா ஆனது. இதைப் படித்தபோது என் தொழிலை நினைத்துப் பெருமையாக இருந்தது. ஆனால் அப்படிப்பட்ட படங்கள் மனிதர் இல்லாத தூய காடு என்ற எண்ணத்தையும் சேர்த்தே வளர்த்தன. அந்த நிலத்தில் காலங்காலமாக வாழ்ந்த பழங்குடிகளுக்குப் பிறகு அங்கே இடமில்லாமல் போனது. படத்தில் யாரை வரையாமல் விடுகிறோம் என்பதும் ஓவியன் யோசிக்க வேண்டிய விஷயம். தொல்காப்பியம் ஒரு நிலத்தின் கருப்பொருளைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று ஒரே மூச்சில் சொல்கிறது. மரத்தையும் மரத்தடியில் வாழ்பவர் செய்யும் தொழிலையும் அது பிரிக்கவில்லை. இப்போது நான் குளம் வரைந்தால் வலை உலர்த்தும் பெரியவரும் அதில் இருக்கிறார்.

அவரிடமிருந்து கற்ற ஒன்றை எல்லோருக்கும் சொல்வேன். பெயரைக் கேளுங்கள். புத்தகத்தில் இருக்கும் பெயர் மட்டும் போதாது, அந்த இடத்தில் வேலை செய்பவர் வாயில் இருக்கும் பெயரைக் கேளுங்கள். ஏன் அந்தப் பெயர் என்றும் கேளுங்கள். “மடையில் நிற்கிறான், அதனால் மடையான்” என்றார் அவர். அகராதி வேறு சொல்லலாம். ஆனால் அந்தப் பதிலில் அந்தப் பறவையை எங்கே தேட வேண்டும் என்பது இருந்தது.

ஒரு மரத்தை ஓர் ஆண்டு முழுக்கப் பாருங்கள் என்பதும் என் அனுபவம். குறுந்தொகை 66இல் தோழி, கொன்றை மரங்களை மடமையுடையவை என்கிறாள். பருவம் வருமுன்னே பெய்த வம்பமாரியைக் கார் என்று நினைத்துப் பூத்துவிட்டனவாம். தலைவன் திரும்பும் காலம் வரவில்லை என்று தலைவியைத் தேற்ற அவள் சொல்வது அது. மரம் பூப்பதுதான் அவர்களுக்கு நாள்காட்டி. என் தெருவில் இருக்கும் சரக்கொன்றையோ மூன்று ஆண்டாகக் கோடையில்தான் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. மழைக்குப் பிறகு அங்கங்கே ஒன்றிரண்டு கொத்து. பாட்டுக்கும் தெருவுக்கும் இருக்கும் இந்த இடைவெளிதான் என்னை நாள்குறிப்பு எழுத வைத்தது. முதல் மொட்டு, முதல் பூ, இலை உதிர்வு, காய் கறுக்கும் நாள், முன்னால் பெய்த மழை. ஒரு நாளுக்கு ஒரு வரி போதும். மூன்றாம் ஆண்டு அந்த மரத்தை நகராட்சி ஆட்கள் கிளை கழிக்க வந்தபோது, அது எப்போது பூக்கும் என்று தேதியோடு சொல்லி, இரண்டு மாதம் தள்ளிவைக்கச் சொல்ல என்னால் முடிந்தது. அவர்களும் கேட்டார்கள்.

மா.கிருஷ்ணன் இந்த விஷயத்தில் என் ஆசான், நேரில் கண்டதில்லை. 1950இலிருந்து 1996இல் மறையும் வரை ஒரு நாளிதழில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார், படமும் தானே வரைந்தார். தமிழிலும் எழுதியிருக்கிறார். எழுதுவதற்குப் பெரிய காட்டு விலங்குதான் வேண்டும் என்பதில்லை அவருக்கு. வீட்டுப் பின்புறத்துப் பல்லியும் காக்கையும் போதும். எழுதுகிறவரும் வரைகிறவரும் ஒரே ஆளாக இருந்தால் சொல்லுக்குக் கால் தரையில் நிற்கும் என்பதை அவரிடம்தான் பார்த்தேன்.

பிள்ளைகளோடு இருக்கும்போது நான் பாடம் நடத்துவதில்லை. மரத்தை நேசி, நீரைச் சேமி என்று சொன்னால் அவர்கள் தலையாட்டிவிட்டு ஓடிவிடுகிறார்கள். ‘எதைப் போல இருக்கிறது?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்பேன். உவமை தேடத் தொடங்கினால் உற்றுப் பார்த்தே ஆக வேண்டும். ஒரு மாலை மேகம் கறுத்தபோது, தூங்குமூஞ்சி மரத்தின் இலைகள் மடங்குவதைக் காட்டினேன். பக்கத்து வீட்டுச் சிறுமி, ஏழு வயது, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “மாமா, நாம் மழை வந்தால் குடையை விரிப்போம், மரம் மடக்கிவிடுகிறது” என்றாள். அதன் பிறகு ஒரு மாதம், மேகம் கூடினால் போதும், அவள் மரத்தடிக்கு ஓடிவிடுவாள். குடை மடங்கியதா இல்லையா என்று எனக்கு வந்து சொல்ல வேண்டும் அவளுக்கு. அவள் சொன்ன அந்த வரி இப்போது அவளுடைய மரமாகிவிட்டது. மரத்தைப் பற்றி நான் எழுதிக் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது.

பாடலைப் படிக்கும்போதும் வாய்விட்டுப் படியுங்கள், முடிந்தால் வெளியில் வைத்துப் படியுங்கள். பொருள் முழுக்கப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு பாட்டில் ஒரு சொல் கண்ணில் தைத்தால் போதும், அந்த வாரத்துக்கு அது வேலை கொடுக்கும்.

தொகுப்பின் இரண்டாம் பதிப்புக்கு அந்தக் குருகை மறுபடியும் வரைந்தேன். அஞ்சலட்டை எழுதிய பெரியவருக்கு வரைவின் படி ஒன்றை அனுப்பினேன். அவர் பதிலுக்கு எழுதியது ஒரே வரி. “ஆரல் சேற்றில் இருக்கும் மீன், நீரைக் கொஞ்சம் கலங்கலாகப் போடுங்கள்.” போட்டேன். வண்ண அச்சின் மாதிரித் தாள் வந்த அன்று அதை எடுத்துக்கொண்டு மடைக்குப் போனேன். மடையான் வழக்கமான இடத்திலேயே நின்றது. தாளைக் கண்ணுக்கு நேரே உயர்த்திப் பிடித்து, இரண்டு கால்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அச்சில் பச்சை சற்று தூக்கலாக இருந்தது. ‘மஞ்சள் இன்னும் கொஞ்சம் சேர வேண்டும்’ என்று தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதி, அன்று மாலையே அச்சகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.